ஜமீன் அம்மாவின் வீட்டுக்காரர்

எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் குடியிருந்த அம்மாவைத் தெருவில் எல்லோரும் ஜமீன் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஜமீன் எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு தகரப் பெட்டி, ஒரு பிரம்பு நாற்காலி, சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய படம். அதில் ஜரிகைத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் முறுக்கு மீசையுமாக ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் பூண் போட்ட தடி. "எங்க வீட்டுக்காரர்" என்று அம்மா சொன்னதை ஊரே நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? அப்படி ஒரு மீசையை எங்கள் தெரு பார்த்ததே இல்லை.

மாகறலிலிருந்து நான் காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது அறுபதுகளின் நடுவில். வீட்டில் மூன்று தறி. வந்த மறுநாளே புதுப்பெண்ணை ராட்டையில் பட்டு நூலைத் தார் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. என்னைப் போன்ற வாயாடிக்கு அது சிறைவாசம். ராட்டையை ஓரமாக வைத்ததும் பேச்சுக்கு ஆள் தேடிப் பின்கட்டுக்கு ஓடுவேன்.

அம்மாவுக்கு அப்போதே எண்பதை நெருங்கும் வயது. நல்ல உயரம், கூன் விழாத முதுகு. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, பூவில்லாத தலை. நான் கட்டிக்கொண்டிருக்கும் பூச்சரத்தைக் கையில் வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். கைம்பெண்ணுக்குப் பூவைக் காட்டிப் பாவம் தேடிக்கொள்கிறேனே என்று எனக்குக் கூசும்.

தை அமாவாசையன்று படத்துக்குப் படையல் போடுவார். மசால் வடை, பருப்புப் பாயசம், கெட்டித் தயிர், கும்பகோணம் வெற்றிலை. போனவருக்குப் பிடித்ததைப் படைப்பதுதான் வழக்கம். ஜமீனுக்குப் பிடித்தது ஒன்று விடாமல் அம்மாவுக்கும் பிடிக்கும் என்பது எனக்கு ஆச்சரியம். "குடுத்து வச்ச ஜோடி" என்று என் மாமியார் பெருமூச்சு விடுவார். என் மாமனாருக்குக் கருவாடு உயிர். அத்தைக்கு அந்த வாசனையே ஆகாது.

ஒரு மத்தியானம் அம்மா பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் அசந்த நேரத்தில் கண்மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், அம்மாவின் மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் நன்றாக இழுத்து வைத்துவிட்டாள். பதறிப்போய் ஓடினேன். சத்தம் கேட்டு அம்மா எழுந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். திரும்ப முகத்தைப் பார்த்தேன். சிரிப்பதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துக்கொண்டார். துடைக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு வலது காலை முன்னால் வைத்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, தலையைச் சற்றே சாய்த்து என்னைப் பார்த்தார் பாருங்கள், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேற்று ஆம்பளை எதிரில் நின்றதுபோல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"அந்தப் படத்துல இருக்குறது நான்தாம்மா. எனக்கு ஏது வீட்டுக்காரரு? கல்யாணமே ஆகலியே" என்றார்.

பெண்களே நடத்திய ஒரு நாடகக் கம்பெனியில் ஒன்பது வயதில் சேர்த்துவிட்டார்களாம். அது இருபதாம் நூற்றாண்டு பிறக்கிற சமயம். ராஜா, மந்திரி, சேவகன் எல்லா வேஷமும் பெண்கள்தான். இவர் மளமளவென்று வளர்ந்துவிட்டதால் ராஜபார்ட் இவருக்கு வந்தது. பதினேழு வயதில் மீசை ஒட்டியவர், கம்பெனி கலைகிறவரை எடுக்கவில்லை. ஒரு ஊரில் ஆட்டம் பார்த்த ஓர் அம்மாள், மறுநாள் காலையில் தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டாளாம். ராஜாவுக்கே தன் பெண்ணைக் கொடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். அதைச் சொல்லிச் சிரித்தபோது மை மீசை வியர்வையில் கரைந்து வழிந்தது.

கம்பெனி நடத்திய அம்மாள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாராம். முகாம் போட்ட ஊரில் ராஜபார்ட் போடுகிறவள் தலையில் பூ வைத்துக்கொண்டு வெளியே தலைகாட்டக் கூடாது. காலையில் கடைத்தெருவில் பூ வாங்குகிறவளை ராத்திரி ராஜாவாக ஜனங்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? நியாயம்தான். ஆனால் அவர்களுக்கு முகாம் இல்லாத ஊர் ஏது?

"ஸ்திரீபார்ட் போடறவ சீவிச் சிங்காரிச்சிக்கினு, பின்னல் நெறைய பூ வச்சிக்கினு என் பக்கத்துல நிப்பா. வசனம் பேசிக்கினே அந்த வாசனையப் புடிப்பேன். வேஷத்துலகூட எனக்குப் பூ கெடையாதும்மா" என்றார்.

கம்பெனி கடைசியாக முகாம் போட்ட இடம் காஞ்சிபுரம். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட, போக்கிடம் இல்லாத இவர் இங்கேயே தங்கிவிட்டார். நாடகக்காரி என்று சொன்ன வீட்டிலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது கையில் இருந்தது அந்தத் தகரப் பெட்டியும் இந்தப் படமும். அத்தையின் மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். "கூட ஆம்பள யாரு?" என்று கேட்டிருக்கிறார். அம்மா படத்தைத் திருப்பிக் காட்டி, "இவருதான், தவறிட்டாரு" என்றார். அறை கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு பூ இல்லை, பொட்டு இல்லை. தனக்குத் தானே தாலி அறுத்துக்கொண்டு தனக்குத் தானே படையலும் போட்டுக்கொண்ட பெண்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. தலைசாய்க்க ஓர் அறை, அதற்கு ஒரு பெண் இவ்வளவு கொடுக்க வேண்டுமா?

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். ஏதோ நாடக சபாவாம். பழைய நடிகைகளைத் தேடிப் பிடித்து மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். வாலாஜாபாத்தில் இருந்த ஒரு பழைய ஆர்மோனியக்காரர், அந்த ராஜபார்ட் அம்மா காஞ்சிபுரத்தில் இந்தப் பக்கம்தான் எங்கேயோ இருப்பதாகச் சொல்லியிருந்தார். தெருவிலேயே வயதானவர் என்பதால் விசாரிக்க எங்கள் ஜமீன் அம்மாவிடமே கூட்டிவந்து விட்டார்கள். அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வந்தவர் அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து பேசினார்.

"அவங்க மேடைக்கு வந்தா ராஜாவே வந்த மாதிரி இருக்குமாம். எங்க அப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. ஒரு போட்டோகூட கெடைக்கல. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா வாசற்படியில் நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தார்.

"தெரியும்பா. அந்தப் பொண்ணு செத்து ரொம்ப வருசம் ஆயிடுச்சி" என்றார்.

வந்தவர் எழுந்தார். அப்போதுதான் சுவரைப் பார்த்து, "இவரு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்."

அவர் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பிடித்து நிறுத்தலாம் என்று நான் ஓரடி எடுத்துவைத்தேன். அம்மா கண்ணாலேயே தடுத்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மாம் நாளா யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு இருந்தேன் தெரியுமா? கேக்க வந்தப்ப சொல்ல முடியல பாரு." பிறகு, "நான் போறப்ப தலையில பூ வச்சி அனுப்பும்மா. ஆனா இந்தத் தெருவுல என் பேரு கெடக் கூடாது. ரெண்டும் வேணும். எப்பிடிப் பண்ணுவியோ, நீதான் கெட்டிக்காரியாச்சே" என்றார்.

செய்கிறேன் என்று தலையாட்டினேன். எப்படிச் செய்வது என்று அன்றைக்கும் தெரியாது, அதற்குப் பிறகும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு பங்குனியில் ஒரு காலையில் அம்மா போய்விட்டார். நான் பூக்காரி கூடையிலிருந்த மல்லிகையையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் பெண்கள் குளிப்பாட்டிப் புது வெள்ளைப் புடவை சுற்றி, விபூதி பூசியிருந்தார்கள். அத்தை தலையைச் சீவி முடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகாத பெண்ணுக்கு மஞ்சள் பூசி, பொட்டிட்டு, பூ வைத்துத்தான் அனுப்புவார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அம்மாவின் பேரை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும்.

சுவரிலிருந்து படத்தை இறக்கினேன். அம்மாவின் தலைமாட்டில் சாத்தி வைத்தேன். கண்ணாடியைத் துடைத்து, அந்த நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தேன். பூவை மாலையாகப் போடவில்லை. மடித்து மடித்து, தலைப்பாகைக்கு மேலே, பின்னலில் வைப்பதுபோல அடர்த்தியாகச் செருகினேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நல்ல காரியம் பண்ணினடி. புருசன் கையப் புடிச்சிக்கினு போய்ச் சேரட்டும்" என்றார் அத்தை.

மல்லிகை வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. பூ சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கீழே, அத்தை வழித்துச் சீவி முடிந்திருந்த அந்த நரைத்த தலையில் ஒற்றைப் பூ இல்லை.