கழித்துச் சொன்ன ரெண்டு கிலோ

"...சாக்கோட சேத்து எடை சொல்ல எனக்கு வாய் வராது அப்பு. இருபத்தஞ்சு வருசமா கழிச்சுச் சொல்லியே பழகுன வாய். உனக்கும் ரெண்டு கிலோ கழிச்சுத்தான் சொன்னேன். நீ மட்டும் என்ன, பொறந்த மேனிக்கா தராசுல ஏறி நின்ன?"

எங்கள் வெங்காய மண்டியில் எடை போடுகிற அண்ணன் இதை என்னிடம் சொன்னது ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிட உட்கார்கிற நேரத்தில். தொண்ணூறுகளின் கடைசி அது. அவர் எடை சொல்வார், நான் சிட்டை எழுதுவேன். பத்து வருசமாக அதுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் பிழைப்பு. மூட்டை தராசு மேடையில் ஏறும். அண்ணன் கம்பியில் குண்டை நகர்த்துவார். சாக்குக்கு ஒன்று, மண்ணுக்கும் சருகுக்கும் ஒன்று என்று மனசுக்குள் ரெண்டு கிலோ கழிப்பார். மிச்சத்தை மட்டும் சத்தமாகச் சொல்வார். இது எங்களுக்கும் தெரியும், வெங்காயம் விளைவித்துக் கொண்டுவருகிற காட்டுக்காரர்களுக்கும் தெரியும், வண்டிக்காரனுக்கும் தெரியும். நான் மேடையில் ஏறி நின்ற அன்றைக்கு எனக்கு மட்டும் மறந்துபோனது.

நான் மேடை ஏறியதற்குக் காரணம் அடிவயிற்றில் வந்த ஒரு வீக்கம். இருமினால் எலுமிச்சங்காய் அளவுக்கு வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டுக் குடல் இறங்கியிருக்கிறது, ஆபரேசன்தான் என்றார். பிறகு எடை பார்த்தார். எண்பத்தாறு. "இம்புட்டுச் சதையில தையல் போட்டா நிக்காது. எழுபத்தெட்டுக்கு வாங்க, அப்புறம் பாப்போம். ஆனா ரொம்ப நாள் இழுக்காதீங்க. குடல் சிக்கிக்கிச்சுன்னா உசுருக்கே ஆபத்து" என்றார். காலையில் ரெண்டு இட்லி, ராத்திரி ரெண்டு சப்பாத்தி, மத்தியானம் பச்சைக் காயும் மோரும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இதை யாரிடம் சொல்வது என்று ஒரு ஆள் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்காரி அப்போது நத்தத்தில் இருந்தாள். மாமனார் கை கால் விழுந்து படுத்துவிட்டார், அவளை விட்டால் அவருக்கு ஆளில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. நாகல் நகர் வீட்டில் நானும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான். விசயம் தெரிந்தால் அவள் அவரைப் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாள். அதனால் ஆபரேசன் முடிந்து எழுந்து உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினேன்.

மறுநாள் காலையில் வண்டிகள் வருவதற்கு முன்னால் அண்ணனிடம் போய், டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், வாரம் ஒருதரம் எடை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஆபரேசனைப் பற்றி மூச்சு விடவில்லை. தெருவைப் பார்த்து நிற்கச் சொன்னார். கம்பி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எண்பத்து நாலு என்றார். ஒரே ஒரு ராத்திரி ரெண்டு சப்பாத்தியோடு படுத்ததில் ரெண்டு கிலோ போயிருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோசம். இந்தக் கணக்கில் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பசி அப்படி நினைக்கவில்லை. காலைப் பொழுதில் அது நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். மத்தியானம்தான் மண்டியில் ஆபத்து. எங்கள் ஆட்கள் மூட்டைகளை நகர்த்தி வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறப்பார்கள். இவன் வெஞ்சனம் அவன் தட்டுக்குப் போகும், அவன் கருவாட்டுக் குழம்பு இவன் சோற்றில் விழும். வேண்டாம் என்கிற வார்த்தைக்கு அங்கே மரியாதையே கிடையாது. முதல் நாள் வெள்ளரிக்காயோடு அந்த வட்டத்தில் உட்கார்ந்தேன். "என்ன அப்பு, ஆட்டுக்கு வச்சதை எடுத்துட்டு வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் ஒரு கரண்டி வைத்தார். சும்மா ருசி பார் என்று இன்னொருவர் வைத்தார். எழுந்திருக்கும்போது அஞ்சு வீட்டுச் சாப்பாடு வயிற்றில் இருந்தது, வெள்ளரிக்காய் கையில் இருந்தது.

அடுத்த நாள் ஒரு பொய் சொன்னேன். வீட்டுக்காரி வந்துவிட்டாள், இனிமேல் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடணும் என்றேன். "மகராசி வந்துட்டா, இனி நம்ம கொழம்பு எங்க பிடிக்கப் போகுது" என்று சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தெருமுனை வரைக்கும் நேராகப் போய், அங்கிருந்து ரயில்வே ஸ்டேசன் பக்கம் திரும்பினேன். ஸ்டேசனுக்கு வெளியே ஒரு வேப்பமரமும் அதனடியில் சிமெண்டு பெஞ்சும் உண்டு. எங்கள் ஊரில் எதிர்ப்படுகிறவன் எல்லாம் சாப்டியா என்றுதான் வாயைத் திறப்பான். ரயிலுக்குக் காத்திருக்கிற ஆளிடம் மட்டும் அதைக் கேட்பதில்லை, வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. வெள்ளரிக்காயைக் கடித்து, மோரைக் குடித்து, எந்த வண்டிக்கும் காத்திருக்காமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

காய் தீர்ந்த பிறகுதான் பசி நன்றாக முழித்துக்கொள்ளும். காதில் லேசாக ஒரு இரைச்சல் கேட்கும். நாள் முழுக்கச் சின்ன வெங்காயம் புழங்கின கை. அதை மூக்குப் பக்கம் கொண்டுபோனால் பழைய சோறும் தயிரும் கண் முன்னால் வந்து நிற்கும். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரைக்கும் இன்னொரு கண்டம். அக்கம்பக்கத்து வீடுகளில் தாளிக்கிற நேரம் அது. கடுகு வெடிக்கிற சத்தத்திலேயே எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். சும்மா இருந்தால் கை அரிசிப் பானைப் பக்கம் போகிறது என்று துணி துவைக்க ஆரம்பித்தேன். துவைத்த வேட்டியையே மறுபடி நனைத்துத் துவைப்பேன். நாகல் நகரில் அந்த ரெண்டு மாசம் என் வேட்டி மாதிரி வெளுத்த வேட்டி கிடையாது. அதைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

புதனும் ஞாயிறும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போவேன். நத்தத்தில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டால் அவளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எடுத்ததும் கேட்கிற கேள்வி, என்ன சாப்டீங்க என்பதுதான். மண்டியில் எல்லாரோடும் சாப்பிட்டேன் என்று ஆரம்பித்து, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், சுட்ட அப்பளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவேன். சொல்லச் சொல்ல வாயில் எச்சில் ஊறும். பேச்சு குழறும். "மெதுவா பேசுங்க, யாரும் பிடுங்கிக்கிட மாட்டாங்க" என்பாள். மண்டிக்குப் பெண்டாட்டி சமையல், பெண்டாட்டிக்கு மண்டிச் சாப்பாடு. ரெண்டு பக்கமும் நான் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். பூத்துக் கதவைத் திறந்து வெளியே வந்தால் எனக்கும் பசிக்கும் நடுவில் ஒருத்தரும் இல்லை.

திங்கள்கிழமைக் காலை மட்டும்தான் எனக்குப் பண்டிகை. எண்பத்து மூணு, எண்பத்தொண்ணு, எண்பது என்று அண்ணன் குரல் முதுகுப் பக்கமிருந்து வரும். ஒரு வாரம் நகராமல் நின்றபோது, "வெங்காயமே வெயில்ல கெடந்தாத்தான் காயுது, உனக்கென்ன அவசரம்" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே அந்த வாரத்தை ஓட்டினேன். ஒன்பதாவது வாரம் எழுபத்தெட்டு என்றார். நான் கீழே இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு இந்தப் பயல் இப்படி ஆடுகிறான் என்கிற மாதிரி பார்த்தார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். மாற்று வேட்டி, சோப்பு, ஒரு டம்ளர் எல்லாம் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டே போனேன், இன்றைக்கே படுக்கச் சொன்னால் படுத்துவிடலாம் என்று. மெசினில் ஏறினேன். எண்பது. இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். எண்பதுதான். "நல்லா குறைச்சிருக்கீங்க, இன்னும் ரெண்டு கிலோ போயிட்டு வாங்க" என்றார் டாக்டர். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் அந்த ரெண்டு கிலோவுக்கு இன்னும் எத்தனை மத்தியானம், எத்தனை சாயங்காலம் என்று எனக்குத்தான் தெரியும். படியில் இறங்கும்போது இருமல் வந்தது. அடிவயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு இருமினேன். இந்தத் தடவை வீக்கம் உடனே உள்ளே போகவில்லை. அமுக்கிப் பிடித்தபடி செத்த நேரம் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த பிறகுதான் போனது.

நேராக மண்டிக்கு வந்தேன். தூக்குச்சட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். உங்கள் தராசு கெட்டுப்போய்விட்டது என்று அண்ணனிடம் சத்தம் போட்டேன். பத்து வருசத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தராசைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போதுதான் சாக்கோடு சேர்த்து எடை சொல்ல வாய் வராது என்றார், பொறந்த மேனிக்கா ஏறி நின்றாய் என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஆபரேசனையும், சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். ரெண்டு கிலோ, அண்ணே, என்னால் இனிமேல் ஏலாது என்றேன்.

அவர் என் பையைப் பார்த்தார். அதற்குள் யாரோ, "சோத்து நேரமாச்சு, வீட்டுக்குப் போகலையா? தங்கச்சி காத்துக்கிட்டிருக்குமே" என்றார்கள். ஆமாம், போகணும் என்றேன்.

அண்ணன் பாதி திறந்த தன் தூக்குச்சட்டியை மூடிச் சுமைக்காரர்கள் பக்கம் தள்ளினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார். தெருமுனை வந்ததும், என்னைத் திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், நாகல் நகர் பாதையை விட்டுவிட்டு ஸ்டேசன் வேப்பமரத்துப் பக்கம் திரும்பினார்.