மான் வேட்டைக் காட்டில் குதிரையும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

போன மார்ச்சில் நாங்கள் யாங்கோன் போனது கல்யாணத்துக்கு. குதிரை ஏறப் போனது என் கொழுப்புக்கு. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன் பாருங்கள், அந்தப் புத்தியை எதால் அடிப்பது? திருச்சிக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. வாழைப்பழக் கடையைக் கண்டால் இன்னும் எதிர்ப்பக்கம் நடக்கிறேன்.

கல்யாணம் என் சித்தப்பா மகள் சுதாவுக்கு. அப்பா சின்ன வயதிலேயே கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். சித்தப்பா அங்கேயே தங்கி, யாங்கோன் லான்மடா பகுதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறார். சுதாவுக்கு வெளியில் மா சு என்று பெயர். தமிழ் நன்றாகப் புரியும், பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் பர்மியத்துக்குத் தாவிவிடுவாள். நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் ஞாயிறுதோறும் குதிரை ஓட்டுகிறவள். நானும் நாற்பது வயதுக்கு மேல் அந்தப் பைத்தியம் பிடித்தவள் என்பதால் எங்களுக்குள் நல்ல ஒட்டு.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, "அக்கா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?" என்றாள். சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "கல்யாணப் பொண்ணும்மா. உன்ன நம்பித்தான் அனுப்புறேன். முழுசா கூட்டியாந்து சேத்துரு" என்றார். நான் பெரிய மனுஷியாட்டம் தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரர் சேகரும் வந்தார். குதிரை இருக்கும் திசைக்கே போகமாட்டார், ஆனால் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனிதருக்குப் பக்தி அதிகம், பிரசாதத்தில் அதைவிட அதிகம். சித்தப்பா வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்று தொங்கும். வீட்டைக் காக்கும் நாட் சாமிக்குப் பர்மியர்கள் வைப்பது. "பாத்தியா, இங்கயும் நம்ம காவல் தெய்வம்தான்" என்று முதல் நாளே கும்பிட்டுவிட்டார். "அத்தான் கண்ணுல பட்டா சாமிக்குப் பழம் மிஞ்சாது" என்று சுதா கேலி செய்தாள். சிரித்தோம்.

காலை ஐந்தேகாலுக்கு லான்மடாவிலிருந்து கிளம்பினோம். நாள் முழுவதற்கும் காருக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கியாட், பெட்ரோல் சேர்த்து. டிரைவர் கோ அந்தோணி ('கோ' என்றால் அங்கே அண்ணன் மாதிரி) அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், நகரத்திலேயே அலோன் பகுதியில் வீடு. ஷ்வேப்யிதா தொழிற்பேட்டைப் பக்கம் ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் லாரிகளில் நின்றுகொண்டே போனார்கள். அதைத் தாண்டினால் கூட்டம் குறைகிறது. வழியில் இரண்டு இடத்தில் சோதனை, பாஸ்போர்ட்டைப் பைக்குள் புதைத்து வைக்காதீர்கள். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி ஆறு கிலோமீட்டர் செம்மண் பாதை, இடுப்பு கழன்றுவிடும்.

பண்ணை சின்னதுதான். ஏழெட்டு பர்மியக் குதிரைகள், எல்லாம் குட்டை ரகம். மணிக்கு நாற்பதாயிரம் கியாட். பார்த்துக்கொள்பவர் கோ மின். ஏறுவதற்கு முன்னால் அவர் பர்மியத்தில் நீளமாகப் பேசினார், சுதா தமிழில் சொன்னாள்.

கோடையில் காட்டுப் புல்லைக் கொளுத்துவார்கள். கரிந்த இடத்தில் இளம்புல் முளைத்ததும் மான் இறங்கும். மான் இறங்கினால் கிராமத்து வேட்டைக்காரர்களும் இறங்குவார்கள். சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டேன். கோ மின் குதிரையின் குளம்பைப் பார்க்கக் குனிந்துவிட்டார். துப்பாக்கி கிடையாது, குறுக்கு வில். நாலு பேர் ஒரு பக்கமிருந்து சத்தம் போட்டு விரட்ட, ஒருவர் ஓடைக்கரைப் புதரில் அசையாமல் காத்திருப்பார். அங்கே பெரிய இரை கடமான். அது ஏறக்குறைய இந்தக் குதிரைகளின் உயரம், இவற்றின் நிறம்.

ஆகவே விதிகள். ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும். குதிரைக் கழுத்தில் மரமணி கட்ட வேண்டும், நடந்தால் கடகடவென்று கேட்கும். வாய் ஓயாமல் பேச வேண்டும், அது எனக்குப் பிரச்சினை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி. காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் ஓர் ஆலமரம், அதன் கீழ் காட்டைக் காக்கும் நாட் சாமிக்குச் சின்ன மாடம். வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை அங்கே கிளையில் கட்டித் தொங்கவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். வெளியே வந்ததும் அவிழ்த்துப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள், பசியில் செத்தாலும்.

"பழம் தொங்குனா உள்ள ஆள் இருக்கு, குதிரை போகக் கூடாது. பழம் இல்லன்னா காடு காலி. அவ்ளோதான் அக்கா" என்றாள் சுதா. எவ்வளவு அழகான ஏற்பாடு என்று நான் புல்லரித்துப் போனேன். என் வீட்டுக்காரர் இதைக் கேட்கவில்லை. அவர்தான் குதிரை ஏறவில்லையே! காரை விட்டு இறங்கியதும் பறவை படம் எடுக்கிறேன் என்று வண்டிப்பாதையில் நடந்துவிட்டிருந்தார்.

எனக்குக் கொடுத்த குதிரையின் சேணவார் சரியாக இல்லை. கோ மின் அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். சுதாவுக்குப் பொறுமை இல்லை. "நான் முன்னால போய் மரத்தப் பாத்துட்டு வரேன். காலின்னா ஓடை வரைக்கும் இவள ஒரு ஓட்டம் ஓட்டிட்டுத் திரும்பிடுவேன்" என்றாள். அவளுடைய செம்பழுப்புப் பெண் குதிரையின் மரமணியை எனக்காக என் குதிரைக்கு மாற்றியிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டையும் என் மேல்தான். மரத்தைப் பார்த்துவிட்டுத்தானே போகிறாள் என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியில் அவள் தலை மறைந்தது.

கால் மணி நேரம் இருக்கும். வண்டிப்பாதை வழியாக என் வீட்டுக்காரர் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. நெற்றியில் எங்கிருந்தோ குங்குமம். கையில் தடித்த நாட்டுப் பழம் ஒரு சீப்பு.

"என்ன கோயில்டி அது! ஆள் இல்ல, அம்பு இல்ல, மரத்தடியில ஜம்முனு உக்காந்திருக்கு. பிரசாதம் தொங்குது. கும்பிட்டுட்டு எடுத்துட்டு வந்தேன், எல்லாரும் ஆளுக்கொண்ணு சாப்பிடுங்க."

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பசி. ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். போட்டு மென்ற பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. அதற்குள் கோ மின் நிமிர்ந்து பார்த்துவிட்டார். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. ரத்தம் அப்படியே வடிந்துபோய், கையிலிருந்த வாரை நழுவவிட்டு, பர்மியத்தில் ஏதோ கத்தினார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மொழிபெயர்க்க வேண்டியவள் காட்டுக்குள் இருக்கிறாள்.

காரில் கண்ணயர்ந்திருந்த கோ அந்தோணி, பர்மியத்தில் ஐயையோ என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். "அமலே! அண்ணே, இத எங்கேருந்து எடுத்தீங்க? நாட் மரத்துலயா? உள்ள வேட்டை ஆளு இருக்காண்ணே! அந்தப் பொண்ணு எங்க?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாயில் இருந்ததைத் துப்பினேன். சுதாவின் போனுக்கு அடித்தால் அது காரின் பின்சீட்டில் மணியடித்தது.

கோ மின் சேணம் இல்லாமலே ஒரு குதிரையில் தாவினார். அவர் நழுவவிட்ட வாரை நானே இழுத்து மாட்டிக்கொண்டு ஏறினேன். இருங்கள் என்று கை காட்டினார், நான் இருப்பேனா? "முழுசா கூட்டியாந்து சேத்துரு" என்ற குரல் காதிலேயே நிற்கிறது. பின்னாலேயே விட்டேன். மரத்தைத் தாண்டியதும் அவர் பர்மியத்தில் கூவினார், நான் தமிழில் கத்தினேன். "சுதா! ஏ சுதா! மனுஷங்கப்பா, மனுஷங்க வரோம்!" கழுத்து மணி கடகடவென்று அடித்துக்கொண்டது. துப்பாக்கியாக இருந்தாலாவது சத்தம் கேட்கும், என்ன ஆச்சு என்று தெரியும். வில்லுக்குச் சத்தமே இல்லை.

ஓடைக்கு முன்னால் ஒரு திருப்பம். எதிரே செம்பழுப்புக் குதிரை தலைதெறிக்க ஓடிவந்தது. மேலே ஆள் இல்லை. சேணத்தின் பின்பக்கத்தில் ஒரு மூங்கில் அம்பு குத்தி நின்று, ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சுதாவின் தொடை இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால். எனக்கு அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் வந்தது. அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை.

சுதா உயிரோடு இருந்தாள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத முடியும். கரிந்த புல்லில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மண்டியிட்டிருந்தார். வில் பத்தடி தள்ளிக் கிடந்தது. அவர் பெயர் ஊ சோ என்று பிறகு தெரிந்துகொண்டேன். கைகளைக் கூப்பி, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். தாழ்ந்திருந்த மூங்கிலுக்கு அடியில் நுழைய அவள் குதிரைக் கழுத்தோடு குனிந்திருக்கிறாள். புல்லுக்கு மேல் அவருக்குத் தெரிந்தது பழுப்பு முதுகு மட்டும்.

"என்னடி சொல்றார்?"

"பழம் தொங்குச்சே, பாக்கலியான்னு கேக்கறார் அக்கா. நான் பாத்தேன், இல்லங்கறேன். நானே கட்டினேன்னு சத்தியம் பண்றார்." பல் கிட்டிக்க அழுதாள். "நான் பாத்தேன் அக்கா. நல்லாப் பாத்தேன். இல்ல."

என் நாக்கில் அந்தப் பழத்தின் இனிப்பு இன்னும் இருந்தது. "தொங்குச்சுடி. உங்கத்தான் எடுத்துட்டார். நானும் ஒண்ணு தின்னேன்" என்றேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு அதைப் பர்மியத்தில் அவரிடம் சொன்னாள். கூப்பிய கையை அவர் மெல்ல இறக்கினார்.

மரத்தடிக்குத் திரும்பினோம். என் வீட்டுக்காரர் அங்கே ஓடிவந்து, மிச்சப் பழத்தைத் தன் கழுத்துத் துண்டால் கிளையில் கட்டிக்கொண்டிருந்தார், வேறு யாரும் உள்ளே போய்விடக் கூடாதே என்று. அவசரத்தில் முடிச்சு நிற்கவே இல்லை. சுதாவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊ சோ தன் கூட்டாளிகளை விசிலடித்து வெளியே வரவழைத்தார். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் சீப்பை அவிழ்க்கவில்லை, பங்கு போடவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

யாங்கோனில் எக்ஸ்ரே எடுத்தோம். மணிக்கட்டில் முறிவு, மாவுக்கட்டு. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சித்தப்பா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை சாப்பிட்டீங்களா?" என்றார். இவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. போகலாம், அருமையான காடு. ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் கொளுத்தும் காலத்தைத் தவிர்த்தால் நிம்மதி. மழை விட்ட நவம்பர், டிசம்பர் நல்லது. அப்படியே கோடையில் போனாலும் விடியலிலும் சாயங்காலத்திலும் காட்டுக்குள் வேண்டாம், மான் நடமாடும் நேரம் அதுதான். ஆரஞ்சுச் சட்டையும் மணியும் ஆளுக்கொன்று இல்லையென்றால் ஏறாதீர்கள். விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு வீட்டு ஆள் சும்மா போகும் நம் மரியாதையெல்லாம் காட்டில் ஆகாது. பழுப்புக் குதிரையானால் பின்பக்கத்தில் ஒரு பளிச்சென்ற துணி போர்த்துங்கள். போன் சட்டைப்பையில் இருக்கட்டும். விதிகளைக் குதிரை ஏறாதவர்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள், முதலில் அவர்களுக்கே சொல்லச் சொல்லுங்கள். சாமி நம் சாமி மாதிரி இருக்கலாம், அதன் முன்னால் இருக்கும் பழம் நம்முடையது இல்லை. யாராவது கையில் எடுத்துக் கொடுக்கும்வரை தொடாதீர்கள்.

கல்யாணம் நடந்தது. மாவுக்கட்டின் மேலேயே மருதாணிக்காரப் பெண் பூப்போட்டுக் கொடுத்தாள். தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பித்தபோது, கோ மின்னோடு இன்னொருவர் மண்டப வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத லுங்கி. ஊ சோ. என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தார். அவர் விடவில்லை, நேரே இவரிடம்தான் வந்தார். கையில் முழுச் சீப்பு வாழைப்பழம். இரண்டு கையாலும் நீட்டிப் பர்மியத்தில் ஏதோ சொன்னார்.

மணவறையிலிருந்தே சுதா தமிழில் சொன்னாள். "வாங்கிக்குங்க அத்தான். காட்டுல யாரும் இல்லயாம். எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாம்."

இவர் ஒரு பழத்தைப் பிய்த்தார். உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஊ சோ அதை வாங்கி, தானே உரித்து, பாதியை உடைத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியை இவர் கையில் வைத்தார்.