நேரில் வந்து அழைக்காத குற்றம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஒன்பது கப் தேத்தண்ணி குடித்தேன். ஒன்பதும் சீனி தூக்கலாக! ஆறாவது கப்பிலேயே 'ஐயோ, ஆளை விடு' என்று வயிறு கெஞ்சியது. யார் கேட்டார்கள்?

எல்லாம் ஒரு வீடியோ கேமுக்காக.

சிரிக்காதீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் மலாக்காவில் செங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவர். வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் மற்ற ஆண்கள் மீன்பிடிக்கப் போவார்கள், அரசியல் பேசுவார்கள். இவர் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தனி ஆளாக ஒரு கேம் செய்தார். நாலு வருஷம்! பெயர் 'வாங்க... வாங்க!'

கல்யாணக் கார்டுகளை எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் மலாக்கா முழுக்கச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்க் கொடுக்க வேண்டும். அதுதான் கேம். போகிற வீட்டிலெல்லாம் தேத்தண்ணி தருவார்கள். குடித்தால் வயிறு நிரம்பும். மறுத்தால் அந்த வீட்டு அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போகாமல் விட்டால்... அவ்வளவுதான், கேம் ஓவர்.

நாலு வருஷமும் அதை விளையாடிய ஒரே ஜீவன் நான்தான். "முகம் தெரியாத யாராச்சும் ஒருத்தர் வெளாண்டு சிரிச்சா போதும் லா" என்பார். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

வரும் வெள்ளிக்கிழமை, மெர்டேக்கா என்கிற சுதந்திர தின விடுமுறைக்கு முன்பாக, வெளியீடு. அதற்கு முன்பே இணையக் கடையில் நிறையப் பேர் 'விஷ்லிஸ்ட்' என்ற பொத்தானை அமுக்கியிருக்க வேண்டுமாம். வந்ததும் எனக்குச் சொல் என்று கடையில் பெயர் கொடுத்து வைக்கிற மாதிரி. அமுக்க ஆள் இல்லாவிட்டால் கேமைக் கடையின் பின்மூலையில் தள்ளிவிடுவார்கள். அப்புறம் எந்த முகம் தெரியாதவர் வந்து பார்ப்பார்?

மார்க்கெட்டிங் பொறுப்பை நான் ஏற்றேன். இத்தனை வருஷமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள், இது கூடவா தெரியாது? கைபேசியில் இருக்கிற ஏழு குழுக்களுக்கும் செய்தி அனுப்பினேன். கோயில் குழு, சமையல் குழு, பள்ளித் தோழிகள் குழு... பதில்கள் குவிந்தன. கும்பிடும் கைகள், கட்டை விரல்கள், 'வாழ்த்துகள்', ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம்.

இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தோம். பதினோரு பேர். அதில் ஒருவர் இவர், ஒருவர் நான், இன்னொருவர் என்னுடைய பழைய இமெயில்!

இவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு மனசே கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கேமின் பக்கத்தில், ருசி பார்க்க வைத்திருந்த டெமோவுக்கு முதல் விமர்சனம் வந்தது. ஆசையாகத் திறந்தோம்.

'இலவச டெமோ வெளாண்டேன். நல்லா இருக்கு. ஆனா கூடப்பொறந்த அக்காவ வீட்டுக்கு வந்து அழைக்கல. அதனால பிடிக்கல.'

எழுதியவர் கமலா. புக்கிட் ரம்பாயில் இருக்கும் இவருடைய அக்கா, என் நாத்தனார்!

உலகமே பார்க்கும் பக்கத்தில் இப்படியா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சனிக்கிழமை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போனோம்.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? குரூப்ல அனுப்புனோமே!" என்றேன்.

"குரூப்ல அனுப்புனா அழைச்சதா ஆயிருமா?" என்றவர் தம்பியைப் பார்த்தார். "ஏன்டா ராஜு, உன் கேம்ல அக்கா வீட்டுக்குப் போவாம வுட்டா என்னா ஆவும்?"

"கேம் ஓவர்க்கா."

"அத எழுதுனது யாரு?"

"நான்தான்."

"அப்பறம் என்னா? உக்காரு. பசியாறிட்டுப் பேசுவோம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. தேத்தண்ணி குடித்தோம். குடித்து முடித்ததும் அண்ணி கைபேசியை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். "இவ்ளோதானா? இதுக்கா ஊரெல்லாம் கெஞ்சிக்கிட்டு இருந்தீங்க? நாளைக்கு நானும் வரேன், வீடு வீடாப் போவோம்."

அன்றே கார்டு அச்சடித்தோம். நடுவில் ஸ்கேன் செய்கிற கட்டம். நாலு மூலையிலும் அண்ணி கையால் மஞ்சள்!

அப்படித்தான் அந்த ஞாயிறும் ஒன்பது வீடும். ஒரு மாமா கார்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு யாரும்மா?" என்று கேட்டார். பொண்ணு மாப்பிள்ளை யாரும் இல்லை, கேம்தான் என்றோம். "அப்ப சாப்பாடு?" என்றாரே பார்க்கலாம்! ஆனாலும் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் எங்களை அனுப்பினார்.

நாங்கள் குடியிருக்கும் காஜா பேராங்கில் பக்கத்து வீட்டு நண்பர் மலாக்கா செட்டி குடும்பத்தவர். தமிழர் வழிதான், ஆனால் தலைமுறைகளாக மலாய்தான் பேசுகிறார்கள்; தமிழ் வராது. கார்டை நீட்டினோம். வாங்குவதற்கு முன்பே "மினும் டூலு" என்று கிளாஸை நீட்டினார். முதலில் குடி, பிறகு பேச்சு! மொழி மாறினாலும் ரூல் மாறவில்லை.

ஏழாவது வீட்டில் இவர் வாய் தவறி, "போதும்க்கா" என்றுவிட்டார். அந்த அம்மாள் முகம் போன போக்கைப் பார்த்ததும் மடமடவென்று குடித்துவிட்டு, காரில் ஏறியதும் என்னிடம் முனகினார். "கேம்ல இத ரொம்ப ஈசியா வச்சிட்டேன்."

மார்க்கெட்டிங் நிபுணர்கள் 'ரீச்' என்கிறார்கள். செய்தி எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு. நம் ஆட்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் போதுமா? நாம் போய்ச் சேர வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும்!

ஆனால் அந்த விமர்சனத்தை மட்டும் அண்ணி அழிக்கவில்லை. "நடந்தது நடந்ததுதான்" என்றார். கீழே ஒரு வரி சேர்த்தார்: 'பிறகு வந்து அழைத்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். இப்போது பிடிக்கிறது.'

அதைத்தான் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் படம் பிடித்துப் போட, அது எங்கெங்கோ சுற்றியது. 'நேர்ல அழைக்கலன்னு எங்க சித்தப்பா இன்னும் பேசல' என்று ஈப்போவிலிருந்து ஒருவர். 'எங்க வீட்டுக் கல்யாணத்துலயும் இதே கதைதான்' என்று ஜொகூரிலிருந்து ஒருவர். பொத்தானை அமுக்கியவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. நேற்று ஒரு பெண், 'டெமோ விளையாடினேன், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தார். யார் என்றே தெரியாது.

இவர் அதை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினார். நாலாவது முறை நானே வாங்கி வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை வெளியீடு. உங்கள் எல்லோர் வீட்டுக்கும் வர ஆசைதான், வயிறு ஒன்றுதானே இருக்கிறது? ஆகவே, இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்...

அக்காமார்கள் மட்டும் முகவரி அனுப்பி வையுங்கள். வந்துவிடுகிறோம்!