ஈ நிறைந்த பாட்டில்

தோப்பில் முதல் கூடை மாம்பழம் பௌர்ணமியன்று கிரிவலம் வருகிறவர்களுக்கு. அதற்கு முன்னால் விற்க ஒரு காயைக்கூட இறக்கக் கூடாது. இது எங்கள் வீட்டு வழக்கம். மாமரங்களுக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த வருடம் காய்கள் முன்னதாகவே முற்றிவிட்டன.

பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. அம்மா செங்கம் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கோடை மழை பெய்து மண் இளகினால் போதும், உள்ளே கிடக்கும் கூட்டுப்புழுவெல்லாம் பழ ஈயாகக் கிளம்பிவிடும். அந்த ஒரு விளைச்சலை நம்பித்தான் எங்கள் வீட்டில் வருடம் ஓடியது.

"மழ வர்றதுக்குள்ள காய இறக்கிடலாங்க."

"சாமிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி கை வைக்கறதா? பௌர்ணமி ஆவட்டும்" என்றார் அப்பா.

மறுநாளே மலை மறையும்படி கொட்டியது. நான் ஆசைதீர நனைந்தேன். அம்மா திட்டவில்லை. நானே பயந்து உள்ளே வந்துவிட்டேன்.

ஈ பிடிக்க, வாசனையால் ஈயை இழுக்கும் மருந்தில் ஊறவைத்த மரத்துண்டைப் போட்டு மரங்களில் பாட்டில் கட்டியிருந்தோம். வெயில் நாட்களில் அதில் ஒன்றிரண்டு ஈ கிடக்கும். மழை விட்டுச் சில நாட்கள் கழித்துப் பார்த்தால் பாட்டில் நிறைய ஈ! எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, எல்லா ஈயும் மாட்டிகிச்சு! இனிமே பயமில்ல!"

அப்பா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஜாஸ்தியாதான் மாட்டிகினுக்குது, கண்ணு" என்று என் தலையைத் தடவினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டாள்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையோரம் கூடையோடு உட்கார்ந்தோம். அம்மா ஒவ்வொரு பழத்தையும் அறுத்துப் பார்த்த பிறகே கொடுத்தாள். மேலே பொன்னிறம், உள்ளே நெளியும் வெள்ளைப் புழு. முக்கால் கூடை சாக்குக்குள் போனது. தோப்பில் மிச்சமிருந்த காய்களின் கதியும் அதுதான். அப்பா வருகிற ஜனங்களைப் பார்க்காமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈயத்தான் புடிச்சிட்டோமே, அப்புறம் எப்படிம்மா?" என்று நச்சரித்தேன். அம்மா அடுத்த பழத்தை அறுத்தாள்.

அந்த மருந்துக்கு வருவது ஆண் ஈக்கள் மட்டும்தான். பாட்டில் நிறைந்தால், காயைக் குத்தி முட்டையிடும் பெண் ஈக்களும் தோப்பில் அதே அளவு பெருகிவிட்டன என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அன்று என் தலையைத் தடவினார். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.