நிறம் மாறாத நீல மருந்து

சர்க்கரை நோயாளிகள் தங்கள் நோயைத் தாங்களே கவனிக்கப் பழகினால் என்ன ஆகும் என்பதுதான் நர்சிங் பேராசிரியை அஸ்கரி பேகத்தின் ஆராய்ச்சி. 1973இல் பென்னாகரத்தில் சிலருக்குக் கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் கொடுத்தார். மருந்தில் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரை இருந்தால் நிறம் மாறும்; செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம்.

அவர்களில் ஒருவரான, மெத்தை தைக்கும் ஹயாத் பாஷாவை, சர்க்கரை ஏறினால் கால் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒவ்வொரு மாதமும் பாஷா பேராசிரியையிடம், "நீலமாவேதான் இருக்குதுங்கம்மா" என்றார். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

பேராசிரியை அவர் வீட்டுக்கே போனார். "எங்க, எனக்கு முன்னால செஞ்சு காட்டுங்க பாய்."

பாஷா வெறும் மருந்தை மட்டும் அடுப்பில் காய்ச்சினார்.

"சிறுநீர் விடலியா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பரிதா சிரித்தாள். "நல்லா கேட்டீங்க! தொழுவுற வூடு, சோறு பொங்குற அடுப்பு. இதுல போயி அதைக் கொதிக்க வெப்பாங்களா?"

பேராசிரியை கொல்லையில் சுள்ளி மூட்டி, முறைப்படி செய்யவைத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது.

"ஆனா காலெரிச்சல் சுத்தமா நின்னுபோச்சுங்கம்மா. அது நல்லதுதானுங்களே?" என்றார் பாஷா.

பேராசிரியை குனிந்து அவருடைய கால் பெருவிரலை நகத்தால் அழுத்திக் கிள்ளினார். கிள்ளியதே தெரியாமல் பாஷா, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.