வெளியே போகாத மின்னஞ்சல்

பிற்பகல் நான்கு மணி ஐந்து நிமிடம். டியூட்டி முடிந்து குவைத்தில், ஃபர்வானியா அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கணினித் திரையில் பாதியில் நின்றுவிட்ட ஒரு நீலப் பட்டை. எதிரே என் அறைத்தோழன், யாழ்ப்பாணத்துக்காரன், லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். கட்டட வரைபடம் போடுகிறவன். தோஹாவில் ஒரு நிறுவனம் வேலைக்கான தேர்வாக ஒரு வரைபடம் கேட்டிருந்தது. ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேரவேண்டும். இலவச அஞ்சலில் அவ்வளவு பெரிய கோப்பு ஏறாது. கனடாவில் இருந்த அவன் அண்ணன் தன்னுடைய சர்வரில் கொடுத்த முகவரியிலிருந்துதான் அனுப்பிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, வாறதெல்லாம் வருது. போறது மட்டும் போகுதில்லை. என்னண்டு?”

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். செய்தித் தளங்கள் திறந்தன. விளம்பர மடல்கூட ஒன்று எங்கள் கண்முன்னே வந்து விழுந்தது.

“ஊரிலை பத்திரிகையிலை வேலை செய்தனான் எண்டு சொல்லுவியள். இது தெரியாதே?”

“அங்க இதெல்லாம் ஆபரேட்டர் பாத்துக்குவாருப்பா.”

இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் இந்தியில் கேட்டார்: “இன்டர்நெட் வருகிறதா, பாய்?”

“வருகிறது.”

“அப்புறம் என்ன?”

போனை வைத்துவிட்டேன். இதற்குள் அவன் மடலை முதலிலிருந்து எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். நான்காவது முறைதான், வரைபடத்தில் படிக்கட்டின் அளவுகளைக் குறிக்க விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சேர்த்தான்.

நாலரைக்குக் கனடாவிலிருந்து அவன் அண்ணன் கூப்பிட்டான். அங்கே காலை. ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னோம்.

“டேய், வெளிய போற மெயிலுக்கு இருபத்தஞ்சு எண்டு ஒரு நம்பர் இருக்கும். அதை உங்கட இன்டர்நெட்காரர் பூட்டிப்போட்டாங்கள். ஐந்நூற்றெண்பத்தேழு எண்டு மாத்து.”

“ஏன் பூட்டினவங்கள்?”

“கண்ட கண்ட விளம்பரம் போகாமல் இருக்க. முதல்ல மாத்தடா!”

அந்த எண் செட்டிங்கில் நான்காவது பக்கத்தில் இருந்தது. மாற்றினான். பட்டை நகர்ந்தது. ஒரு எண்ணை மாற்றினால் எப்படிப் போகிறது, பூட்டியது போன் எடுத்தவருக்கே ஏன் தெரியவில்லை என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். பட்டை முழுதாக ஓடி முடிந்தது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

“போனது திரும்பவும் ஏன் போகுது?”

அனுப்பிய ஒவ்வொரு மடலும் உள்ளே வரிசையில் காத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாவது மடல் போனபோது மணி நான்கு ஐம்பத்தேழு.

மூன்றாம் நாள் தோஹாவிலிருந்து பதில் வந்தது. முதலில் வந்து சேர்ந்த வரைபடத்தை மதிப்பிட்டதாகவும், அதில் படிக்கட்டின் அளவுகள் இல்லையென்றும் எழுதியிருந்தார்கள்.