பதினொரு கப் சிங்கராசா

சிங்கராசா என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது செத்தவர்களின் வரிசையில். எண்பத்தேழாம் ஆண்டு நவம்பர் மாதம். பேசாலையிலிருந்து விடத்தல்தீவுக்குப் போயிருந்தேன். மரித்தவர்களுக்கான பூசையில் சுவாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். "கடலில் காணாமற்போன சிங்கராசா" என்றதும் முன் வாங்கில் இருந்த ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவள்தான் தாய். அவளுடைய மகள் மரியபுஸ்பத்தைப் பிறகு என் தம்பியின் மகன் கட்டினான். அந்த வழியில் செத்தவன் எனக்கு உறவானான், நானும் விடத்தல்தீவுக்காரியானேன்.

இரண்டு வருடம் கழித்து, செத்தவனிடமிருந்து கடிதம் வந்தது. கிரேக்கக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவனுக்கு வயிற்றுக்குத்து. ஆர்ஜென்ரீனாவில் ஒரு துறைமுக ஆஸ்பத்திரியில் இறக்கியிருக்கிறார்கள். கப்பல் அவனுக்காகக் காத்து நிற்கவில்லை. அந்த ஊரில் 'பெர்லா தெல் ரியோ' என்றொரு கூடைப்பந்துக் கழகம். விளையாட்டு நடக்கும்போது பலகைத் தரையில் வேர்வை சிந்தினால் ஓடிப்போய்த் துடைக்கிற வேலை அவனுக்குக் கிடைத்தது. இருபத்திரண்டு வருடம் துடைத்தான். சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபின், இரண்டாயிரத்துப் பத்தில் அவனும் வந்து சேர்ந்தான்.

வந்த நாள்முதல் மீன்வாடியின் சீமெந்துத் தரையைக் கழுவுகிறான். மற்றவன் என்றால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் இழுத்துவிட்டுப் போவான். சிங்கராசா குனிந்து, இரண்டு கையாலும் துணியை அழுத்திக்கொண்டு பின்பக்கமாக ஓடுவான். முடிந்ததும் சட்டென்று ஓரத்துக்குப் பாய்ந்து, யாரோ விசில் ஊதப்போகிறார்கள் என்பதுபோல நிற்பான்.

"டேய், திருக்கை எழும்பிப் பந்தடிக்கப்போகுதே?" என்பார் வாடி முதலாளியான சம்மாட்டி பஸ்ரியன்.

"வழுக்கினா ஆரின்ர கால் முறியும், அண்ணை? தொண்ணூத்தாறில நான் துடைக்காட்டி எங்களுக்குக் கப் இல்லை."

'எங்களுக்கு' என்றுதான் சொல்வான். பச்சை நிறச் சட்டையொன்று வைத்திருக்கிறான். விளையாட்டுக்காரரின் சட்டையில் இலக்கம் இருக்குமாம், இவனுடையதில் இல்லை. நான் கேட்டால், "இலக்கம் இருந்தா ஆளை வெளியில எடுத்துப்போடுவாங்கள், சின்னம்மா. என்னை ஒருத்தனும் எடுக்கேலாது" என்பான்.

கழகத்தின் சரித்திரத்தைச் செபமாலைபோல் உருட்டுவான். "மூட்டை தூக்கினவங்கள் துவங்கின கிளப். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொண்டு. களஞ்சியச் சுவரில பழக்கூடை ஒண்டை ஆணியடிச்சுப்போட்டு விளையாடினவங்கள். பதினேழு வருசம் ஒண்டுமில்லை. பதினெட்டாம் வருசம் நாட்டுக்கே முதலாமிடம்!" நாட்டுக் கப் பதினொன்று, தென்னமெரிக்கா முழுவதற்குமான கப் மூன்று. தொண்ணூற்று மூன்றில் கழகம் கீழ்ப்பிரிவுக்கு விழுந்ததைச் சொல்லும்போது மட்டும் தொப்பியைக் கழற்றுவான். எங்கள் ஊர்க் கழகத்தின் சாதனை, சைக்கிள் ஓட்டத்தில் ஒரு மூன்றாமிடம். அந்தச் சைக்கிளும் இடம்பெயர்வோடு போய்விட்டது.

இவ்வளவு கப் வென்றவனுக்குப் படுக்க வீடில்லை. மரியபுஸ்பத்தின் கொட்டிலில் ஏற்கெனவே ஆறு பேர். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் பாயைப் போட்டான். தேத்தண்ணி வைக்க அவள் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். "அண்ணை, உங்கட பதினொரு கப்பில ஒண்டையாவது கொண்டுவந்திருந்தா, கவிழ்த்துப்போட்டு அதுக்குள்ள படுத்திருக்கலாமே!" என்பாள்.

முகாமிலிருந்து திரும்பினவர்களுக்கான வீட்டுத்திட்டப் பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்றார்கள். வியாழன் காலை கந்தோரில் அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். எங்கள் சனம் வருடங்களை ஓடின ஓட்டத்தால் கணக்குப் பார்க்கிற சனம். தொண்ணூறு என்றால் மடு முகாம், இரண்டாயிரத்து ஒன்பது என்றால் செட்டிகுளம் முகாம் என்று வாயில் தானாக வரும். சிங்கராசாவுக்கு வேறு கணக்கு.

"தொண்ணூறாம் ஆண்டு எப்பிடி, ஐயா?" என்று கேட்டாள் படிவம் நிரப்புகிற தக்சிகா.

"இரண்டாமிடம், பிள்ளை. ஒரு புள்ளியால போச்சு."

"எங்க?"

"சொந்த மைதானத்திலதான். அதுதானே வெக்கம்."

"ஐயா, நான் கேக்கிறது எந்த முகாமில இருந்தனீங்கள் எண்டு."

"முகாமில இல்லை, பிள்ளை. கிளப்பில."

முகாமின் பெயர் இல்லாவிட்டால் கம்பியூட்டர் படிவத்தை விழுங்காதாம். படிவம் போகாவிட்டால் வீடில்லை. தக்சிகா கொஞ்சநேரம் பேனையைக் கடித்தாள். அவனுடைய சுருங்கிப்போன முகத்தைப் பார்த்தாள். பிறகு முகாம் என்ற பெட்டியில் 'பெர்லா தெல் ரியோ' என்று எழுதி, மாவட்டம் என்ற பெட்டியில் 'ஏனையவை' என்று அடையாளமிட்டாள். கம்பியூட்டர் விழுங்கிவிட்டது.

வீடு வந்தது. அத்திவாரம் போட்டார்கள், சுவர் எழும்பியது. நடுவில், முகாமில் குடிதண்ணீர் வசதி எப்படியிருந்தது என்று விசாரித்து ஒரு கடிதமும் வந்தது. "சுடுதண்ணியும் வரும்" என்று இவன் உண்மையை எழுதி அனுப்பினான்.

கூரைமரமும் ஓடும் வரவேண்டிய மாதத்தில் தக்சிகா ஒரு தாளோடு வந்தாள். எல்லா முகாமும் மூடியாயிற்று என்று மேலிடத்துக்கு அறிக்கை போகவேண்டுமாம். பட்டியலில் ஒரேயொரு முகாம் மட்டும் மூடாமல் நிற்கிறதாம். 'பெர்லா தெல் ரியோ நிரந்தரமாக மூடப்பட்டது' என்று அங்கே இருந்தவர் கையெழுத்து வைத்தால், அடுத்த கிழமையே ஓடு வரும்.

சிங்கராசா தாளை இரண்டுதரம் வாசித்தான். "மூடினதெண்டு ஆர் சொன்னது? இந்த முறை ஃபைனலுக்கு வந்திருக்கிறம்!"

"அது அங்க, ஐயா. இது ஃபைலில."

"அண்ணை, மாரி வருது. கிறுக்கி விடுங்கோ" என்று மரியபுஸ்பம் கையெடுத்துக் கும்பிட்டாள். "அவங்களுக்குத் தெரியவே போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "அங்க நீங்கள் தரை துடைச்சனீங்கள். அவ்வளவுதானே!"

"ஓம், துடைச்சனான்" என்றான் அவன். "பூட்டுற திறப்பு ஒருநாளும் என்னட்டை இருந்ததில்லை."

தக்சிகாவின் பேனையை வாங்கி, 'மூடப்பட்டது' என்ற சொல்லை நேர்கோடு ஒன்றால் வெட்டினான். மேலே 'நல்லா நடக்குது' என்று எழுதி, கீழே முழுப்பெயரில் வடிவாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்தான்.

தாள் மேலிடத்துக்குப் போய்விட்டது. முகாம் நடப்பதால் அவன் இன்னும் மீளக்குடியேறவில்லை என்று கந்தோரில் பதிந்திருக்கிறார்கள். மீளக்குடியேறாதவனுக்கு ஓடு கிடையாது. மாரி தொடங்கி மூன்று கிழமை. சிங்கராசா இப்போது தன் சொந்த வீட்டின் முன்னறையில், நாலு சுவருக்கு நடுவில், கூரைக்குப் பதில் கட்டிய நீலத் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறான்.